ஒரு மடக்கு மருந்து

கள்ளிக்குப்பத்தில் யார் தும்மினாலும் டாக்டருக்கு முன்னால் அமல்ராஜுக்குத் தெரிந்துவிடும். பிழைப்பு என்னவோ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை சூப்பர்வைசர்தான். ஆனால் மனசுக்குள் அவர் எம்.பி.பி.எஸ். முடித்துப் பல வருஷமாகிறது. மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, "ஒடம்பு வலி, லேசா ஜுரம், ரெண்டு வேளைக்கு செட்டு போட்டுக் குடு நைனா" என்று வாங்கி வந்து, மிஞ்சிய மாத்திரைகளையெல்லாம் டப்பாவில் சேர்த்து வைப்பார். பச்சை என்றால் வயிறு, மஞ்சள் என்றால் மூட்டு. பேராவது, ஊராவது!

இப்படி நிறம் பார்த்து வைத்தியம் செய்கிற மனிதரைத்தான் மகள் ரேஷ்மாவின் பள்ளிக்கூடம் 'மருந்தும் மழலையும்' என்று இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்லக் கூப்பிட்டது. கொடுமையைப் பாருங்கள்! "பெற்றோரில் மருத்துவம் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று பவ்யா மிஸ் வாட்ஸ்அப்பில் கேட்டதும் கட்டை விரலைத் தூக்கியவர் இவர் ஒருவர்தான்.

அன்று காலை பார்த்து ரேஷ்மாவுக்கு நெற்றி கொதித்தது. லீவு போட்டுப் படுக்க வைக்க வேண்டிய பிள்ளை. ஆனால் மகள் வகுப்பில் இல்லாமல் அப்பா யாருக்காகப் பேசுவது? இதற்கு நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது. சிரப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டால் மதியம் வரை ஜுரம் தலைகாட்டாது. அப்புறம் மிஸ் பாடு.

அமல்ராஜ் பாட்டிலை எடுத்தார். அளவு மூடியைத் தேடப் பொறுமை இல்லை. "ஜூஸு மாரி இருக்கும் கண்ணு, ஒரு மடக்கு குடி" என்று அப்படியே வாயில் சாய்த்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போனார். குளித்துவிட்டு வந்த மனைவி ஆக்னஸ் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள், ஐயையோ என்றாள், தன் பங்குக்குக் குழம்புக் கரண்டியில் ஒரு கரண்டி ஊற்றினாள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. எதற்குக் கேட்பது? இரண்டு பேருக்கும்தான் எல்லாம் தெரியுமே! இரண்டு பங்கு மருந்து ஏழு வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் போனது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

வகுப்பில் அமல்ராஜ் வெளுத்து வாங்கினார். முந்தின நாள் போனில் பார்த்த வீடியோ வரி பிசகாமல் வந்தது. "மருந்து மிட்டாயும் இல்ல, ஜூஸும் இல்ல. கூட குடுத்த மூடியில அளந்துதான் குடிக்கணும். ஜாஸ்தியா பூட்சுன்னா இன்னா ஆவும் தெரியுமா? ஈரலே கெட்டுப் பூடும்!" பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பவ்யா மிஸ் தலையாட்டினார். அமல்ராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ரேஷ்மா கையைத் தூக்கினாள். "ப்பா, அப்ப என் ஈரல் கெட்டுப் போச்சா?"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "ஏன் கண்ணு?"

"காலைல நீ ஜூஸுன்னு சொல்லி பாட்டிலோட ஊத்துன. அப்பால அம்மா கரண்டில ஊத்துச்சு."

"ஏம்மா, அம்மாகிட்ட சொல்லக்கூடாதா?"

"பெரியவங்க குடுத்தா பேசாம குடிக்கணும்னு நீதான சொன்ன?"

'பாப்பா வெளையாடுது மிஸ்' என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மானம் பிழைத்திருக்கும். ஆனால் ரேஷ்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே ஆக்னஸுக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் அமுங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏய், காலைல நீ சிரப்பு குடுத்தியா?"

"ஆமாய்யா. ஏன்?"

"நானும் குடுத்துட்டேன்டி!"

"அடப்பாவி மனுசா! இத்தப் பத்திதான அங்க பேசப் போன?"

வகுப்பு முழுக்கக் கேட்டது. அவர் காதில் எதுவும் ஏறவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "எத்தனை மில்லி குடுத்தீங்க?"

"ஒரு மடக்கு டாக்டர்."

"உங்க மடக்கா, குழந்தை மடக்கா?"

ஊருக்கே மருந்து சொன்ன மனிதர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். மதியம் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்து, ஏசுவே, என் பிள்ளையைக் காப்பாத்து, இனிமேல் யாருக்கும் ஒரு மாத்திரை தரமாட்டேன் என்று அழுதார். பக்கத்தில், போனை வைத்த கையோடு ஓடி வந்திருந்த ஆக்னஸ் அவரைத் திட்டவும் முடியாமல், தன்னைத் திட்டிக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. "இந்தத் தடவை தப்பிச்சீங்க" என்று சொல்லி, சளிக்கு மட்டும் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. காலையில் ஒரு வேளை, அளந்துதான் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை அமல்ராஜ் பட்டறையில் இரும்புக்குக்கூடக் காட்டாத கவனத்தோடு மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோடு தொடும்வரை ஊற்றினார். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. பெருமையோடு மகளிடம் நீட்டினார்.

ரேஷ்மா வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பிறகு லேசாகத் திறந்து, "அம்மாவக் கேட்டியா?" என்றாள்.

"அளந்துதான் ஊத்திகீறேன், பாரு. குடிம்மா."

"கேட்டியா?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மூடியைக் கையில் பிடித்தபடி போய்க் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"ஆக்னஸு, பாப்பாவுக்கு மருந்து குடுக்கப் போறேன்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யோவ், இப்பத்தானேய்யா குடுத்துட்டு வந்தேன்!"