பீர் மேல் விழுந்த பழி

உயரமான மலை மேல் இருக்கும் ஓரூரோ நகரத்தில் டை கட்டியவர் எல்லாம் இன்ஜினியர். சுல்மா கோல்கே டை கட்டாதவள். பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். எந்தக் கூரைக்கு மேல் எந்த வயர் ஓடுகிறது என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். படித்தது தொழிற்பள்ளியில் என்பதால் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வாட்ச்மேன்கூட "சுல்மித்தா" என்று கொஞ்சிக் கூப்பிடுவான். நாற்பத்தாறு வயதுக்காரியை ஊரே இப்படிக் கொஞ்சுவது பாசத்தால் என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

அவளுடைய மேலதிகாரி ரொலாண்டோ ஊரியோனா பட்டம் வாங்கிய அசல் இன்ஜினியர். சாந்தா குருஸ் நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. வேகம், வேகம் என்று வாய் ஓயாது. பயிற்சியில் கொடுத்த சான்றிதழைப் பட்டத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தார்.

கார்னிவல் விடுமுறை முடிந்து புதன்கிழமை எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அன்று மாலை பழைய கட்டடத்து நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் புதிய கட்டடத்து ஸ்விட்சுக்கும் பேச்சு நின்றுபோனது. எந்தத் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவை இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டால்தான் ஆஸ்பத்திரி ஓடும். லேப் புதிய கட்டடத்தில், அவசர சிகிச்சை பழைய கட்டடத்தில். வியாழன் காலை நர்சுகள் ரத்தப் பரிசோதனை முடிவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு முற்றத்தில் ஓடினார்கள். அந்த உயரத்தில் ஓடினால் மூச்சு என்ன ஆகும் என்று ஊரியோனா யோசித்திருக்க மாட்டார். அவர் கேபிளை இரண்டு தடவை மாற்றினார். பிறகு ஒரு நர்சின் ஹேர் டிரையரை வாங்கி ஸ்விட்சுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன இன்ஜினியரே, அதுக்குத் தலைக்குக் குளிப்பாட்டினீங்களா?" என்றாள் சுல்மா.

"நீதானே குளிப்பாட்டின? போன வெள்ளிக்கிழமை பீர் ஊத்தினியே."

ஊற்றவில்லை. கார்னிவலுக்கு முந்தைய வெள்ளியன்று எல்லா அலுவலகத்திலும் சல்லா என்ற காணிக்கைச் சடங்கு நடக்கும். சுல்மாவும் ஸ்விட்ச் அலமாரியில் வண்ணக் காகித நாடா கட்டினாள், பூமித்தாய்க்கு என்று தரையில் இரண்டு சொட்டு பீர் தெளித்தாள். மீதி பாட்டிலைத் தீர்த்தவர் ஊரியோனா.

பத்து மணிக்கு எல்லோரும் சால்தேன்யா பலகாரம் தின்னப் போன நேரம் பார்த்து ஊரியோனாவின் மெமோ அவள் மேசைக்கு வந்தது. அரசாங்க இயந்திரத்தின் மீது மதுவை ஊற்றி நாசம் செய்தாளாம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் வேலை போகும். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பயம் கொஞ்சம், ஆத்திரம் மிச்சம். வெள்ளிக்கிழமை தெளித்த பீர், உள்ளே போகலாமா வேண்டாமா என்று புதன்கிழமை வரை யோசித்துக்கொண்டா இருந்தது?

லேப்டாப்பைத் திறந்தாள். கேபிள் உயிரோடுதான் இருந்தது. இரண்டு ஸ்விட்சும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டன. வழிப்பட்டியலைக் கைமாற்றும் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நின்றன. ஒரு தடவைக்கு எவ்வளவு பெரிய தகவல் பொட்டலம் போகலாம் என்ற அளவைப் பார்த்தாள். பழையதில் ஆயிரத்து ஐந்நூறு, புதியதில் ஒன்பதாயிரம். சின்ன வாசல் வீட்டுக்குள் பெரிய பீரோவைத் தள்ளுகிற கதை. யார் மாற்றியது என்று ஸ்விட்சின் பதிவேட்டைக் கேட்டாள். புதன், மாலை நாலு நாற்பது, பெயர் ஊரியோனா. அவள் சிரித்தாள், சத்தமாகவே.

இயக்குநர் டாக்டர் பனோசோவைக் கையோடு அழைத்து வந்து, ஊரியோனா முன்னாலேயே திரையைக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு இதெல்லாம் புரியாது. ஆனால் பெயர் படிக்கத் தெரியும்.

"இது என்ன, இன்ஜினியர்?"

"வேகம் கூடட்டும்னுதான் டாக்டர். சாந்தா குருஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க."

"ரெண்டு பக்கமும் மாத்தணும்னு சொல்லலியா?" என்று கேட்டாள் சுல்மா.

"அது ரெண்டாவது நாள் பாடமா இருக்கும்," என்றார் அவர். இரண்டாவது நாள் அவர் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய அளவை அவரே திரும்பப் போட்டார், ஸ்விட்சை அணைத்து எழுப்பினார். ஐந்து நிமிடத்தில் அவசர சிகிச்சைத் திரையில் முடிவுகள் வரிசையாக வந்து விழுந்தன. இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, மிஷின் கோளாறு. இதோட விட்டுடலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுல்மா விடவில்லை. ஒரே வரியில் விளக்கம் எழுதி, பதிவேட்டுப் பக்கத்தைப் பின்னால் இணைத்து, வரவேற்புக் கவுண்டரில் கொடுத்து, "பெறப்பட்டது" என்று முத்திரை வாங்கினாள். முத்திரை விழுந்த காகிதத்தை அந்த நாட்டில் ஜனாதிபதியாலும் திரும்ப எடுக்க முடியாது. விஷயம் காதுக்கு எட்டியதும் ஊரியோனா தாழ்வாரத்தில் ஓடி வந்தார்.

"சுல்மித்தா, எதுக்கும்மா கடுதாசி? நாமெல்லாம் ஒரே குடும்பம். நான் மெமோவைக் கிழிச்சுடறேன், நீ அதை வாபஸ் வாங்கிடு."

"கிழிக்க முடியாது இன்ஜினியரே. அதுலயும் முத்திரை குத்தித்தானே அனுப்பினீங்க? குடும்பம்னு நீங்கதான் சொல்றீங்க. உங்க மெமோவும் என் கடுதாசியும் ஒரே ஃபைல்ல ஒண்ணா இருக்கட்டும்." இரண்டு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள். "இனிமே என்னை சுல்மா கோல்கேன்னு கூப்பிடுங்க. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."