தெருவை மறித்த பிள்ளையார்

புதுக்கோட்டை டவுனுக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே ஒரு தெருவைப் பந்தல் போட்டு மறித்தால் அடுத்த தெருவில் நுழைந்து போய்விடலாம். எல்லா இடமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, கறம்பக்குடி ரோட்டுப் பக்கம் புது நகர் ஒன்றில் வீடு கட்டினேன்.

நேற்றுவரை கடலை போட்ட கொல்லைகளை ஆளுக்கொரு நகராக்கி, வாசலில் ஆர்ச் வைத்திருந்தார்கள். ஒரு நகரின் தெரு அடுத்த நகரைத் தொடாது. தொட்டது எங்கள் தெரு ஒன்றுதான். அதன் வழியாகப் பக்கத்து நகருக்குள் புகுந்தால் என் மனைவி டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம். நடந்தே போய் வந்தாள்.

பக்கத்து நகரில் எங்கள் தெருவுக்கு நேரெதிரே ஒருவர் வீடு கட்டினார். தெரு நேரே வந்து வாசலில் முட்டினால் தெருக்குத்து, குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வழக்கமாக இதற்குச் சொந்தச் சுவரில் மாடம் வைத்து ஒரு பிள்ளையாரை உட்கார்த்துவார்கள். இந்த மனிதர் எங்கள் தெருவின் முனையிலேயே குறுக்கே சுவரெழுப்பி, அதன் முன்னால் டைல்ஸ் ஒட்டிக் கோயில் கட்டிவிட்டார்.

எங்கள் நகர்க்காரர்கள் சண்டைக்குப் போவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ, "வெளியாள் நடமாட்டம் இருக்காது சார், திருட்டுப் பயம் இல்ல" என்று கும்பாபிஷேகப் பொங்கலை வழித்துத் தின்றார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் மனு கொடுத்தேன். "சாமி விஷயம், கை வைக்க முடியாதுங்க" என்று கையைக் கழுவிவிட்டார்கள்.

அதன்பிறகு என் மனைவி ஸ்கூட்டியில் பைபாஸைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. லாரிக்கு ஒதுங்கிப் போ என்று தினமும் சொல்லி அனுப்புவேன். பயந்தபடியே ஒருநாள் லாரி உரசிக் கீழே தள்ளியது. கால் எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்தார்கள். பழையபடி நடப்பாளா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பக்கத்து வீட்டு அம்மா, தெருப் பெண்களோடு விபூதித் தட்டு ஏந்தி வந்தார்.

"உயிரக் காப்பாத்துனது நம்ம பிள்ளையார்தான் டீச்சர். நடக்க ஆரம்பிச்சதும் அவருக்கு ஒரு தேங்கா ஒடச்சிருங்க."

தட்டைத் தூக்கி வெளியே எறியலாம் போல அருவருப்பு எனக்கு. என் மனைவி விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டாள்.

"ஒடைக்கிறேங்க்கா. அவரக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க. நான் பள்ளிக்கூடம் போகணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.