எழுதிக் கொடுப்பவர்: எஸ்தர்

வங்கிக்காரர்களுக்கு எஸ்தரைப் பிடித்துப்போயிற்று. தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் துப்புரவுப் பணியாளர்களை மேற்பார்வையிடுகிற வேலை அவளுக்கு. பதினொரு வருடமாக மாதாமாதம் சம்பளச் சீட்டு வருகிறது, பிஎஃப் இருக்கிறது, பழைய கடன் எதுவும் இல்லை. கணவன் ஏசுராஜ் பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவன். மீன் பட்டால் காசு, படாவிட்டால் பட்டினி. கடலுக்குச் சம்பளச் சீட்டு தரத் தெரியாது. ஆகவே கடன் அவள் பெயரில், வீடும் அவள் பெயரில் என்று ஆயிற்று. பெண் பெயரில் முதல் வீடு வாங்கினால் அரசு தரும் வட்டி மானியம் எளிதில் கிடைக்கும், வங்கி வட்டியிலும் துளி குறையும் என்று கேள்விப்பட்டதும் புகுந்த வீடே அவளைக் கொண்டாடியது.

வீடு சிந்தாதிரிப்பேட்டையில். இரண்டாவது மாடி, முந்நூற்றிருபது சதுர அடி. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் போனால் இதே விலைக்கு இரண்டு படுக்கையறை கிடைக்குமே என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். இந்த நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் நகரத்துக்கு வெளியேதான் படுத்து உறங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? பறக்கும் ரயிலில் ஏறினால் நேரே தரமணி. "இங்கதான்" என்றாள் எஸ்தர். பிஎஃபில் பணம் எடுத்தாள், வளையல்களை விற்றாள்.

பத்திரம் எழுதும் ஸ்ரீரங்கனின் கடையில், பதிவுக்கு முந்தைய நாள், பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஏசுராஜின் அண்ணன் லூர்துசாமி பக்கத்தில் நின்று தாள்களைப் புரட்டிப் புரட்டிக் கொடுத்தார். தரை துடைக்கும் ஆசிட் கேனைக்கூட லேபிளைப் படிக்காமல் திறக்காதவள், அன்று எதையும் படிக்கவில்லை. சொந்த வீடு என்ற மயக்கம்.

மறுநாள் ஏசுராஜும் லூர்துசாமியும் ஸ்ரீரங்கனும் கூட வர, பதிவு அலுவலகத்தில் போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்தது. விற்றவர் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் எழுந்திருக்கும்போது அலுவலக எழுத்தர் கூப்பிட்டார்.

"அடுத்த டோக்கன். பொது அதிகாரப் பத்திரம். எழுதிக் கொடுப்பவர், எஸ்தர்."

எஸ்தர் நின்றாள். "இன்னா மாமா இது? நான் வாங்கறவ. எதை எழுதிக் குடுக்கறேன்?"

"சும்மா ஒரு பவருதாம்மே" என்றார் லூர்துசாமி. "ரேகை வெச்சிட்டு வா, பிரியாணி துன்னப் போலாம்."

"லேடீஸ் பேர்ல வாங்கினா கூடவே பவர் ஒண்ணு போட்டு வெக்கிறது வழக்கம்மா" என்றார் ஸ்ரீரங்கன். "எல்லாரும் பண்றதுதான்."

வழக்கம்! கடனுக்கும் மானியத்துக்கும் பெண்ணை முன்னால் நிறுத்துவார்கள். பத்திரம் பதிவானதும் அவளை வெறும் பெயராக்கிப் பீரோவில் பூட்டுவார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் திருட்டு திருட்டு இல்லாமல் போய்விடுமா?

சார்பதிவாளர் அம்மா ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கேள்வியைத் தலை நிமிராமல் கேட்டார். "நீங்க எழுதிக் கொடுத்ததுதானே? சம்மதம்தானே?"

"கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க மேடம்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு படித்தார். வீட்டை விற்கவும், அடமானம் வைக்கவும், வாடகைக்கு விடவும் லூர்துசாமிக்கு முழு அதிகாரம்.

"கையெழுத்து உங்களுதாம்மா?"

"என்னுதுதான். படிக்காம போட்டுட்டேன். இப்பதான் காதுல விழுந்துச்சு. சம்மதம் இல்ல."

"எஸ்தரு, அண்ணன் நம்ம நல்லதுக்குத்தான்…" என்று இழுத்தான் ஏசுராஜ்.

"உனக்கு முன்னயே தெரியுமா?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். பதில் அதுதான்.

"வீடு பொம்பளை பேர்ல கீதுன்னா ஆம்பளைக்கு இன்னா மரியாதை?" என்று சீறினார் லூர்துசாமி.

"இருவது வருசம் தவணை கட்டப் போறது நானு. அந்த மரியாதைக்கு நீங்க ஒரே ஒரு தவணை கட்டுங்களேன் மாமா, பாப்போம்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சார்பதிவாளர் சிரிக்கவில்லை. 'எழுதிக் கொடுப்பவர் மறுத்துவிட்டார்' என்று எழுதிப் பத்திரத்தைத் தள்ளி வைத்தார்.

வாசலுக்கு வந்ததும் லூர்துசாமி கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இது ஆடி மாசம். ஆவணி வரைக்கும் ஒருத்தரும் அந்த வீட்ல குடி போவக் கூடாது. அதுக்குள்ள உனக்குப் புத்தி வரும்." ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் அவர். ஆடி மேல் வைத்த விசுவாசம் எந்தப் பைபிளில் வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

"இப்ப கீற வூட்டு வாடகை ஆடில நிக்குதா மாமா? நான் இன்னிக்கு ராத்திரியே போறேன்." கணவன் பக்கம் திரும்பினாள். "உன்னை வேணான்னு சொல்லல. விக்கிற அதிகாரம் உனக்கும் கெடையாது, உங்க அண்ணனுக்கும் கெடையாது. அவ்ளோதான். வரியா?"

ஏசுராஜ் கழுத்தைச் சொறிந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "அங்க ஃபேன் கீதா?"

"இல்ல. வரும்போது வாங்கிக்கினு வா" என்று சொல்லிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமானதால் ரயிலைப் பிடிக்க நடந்தாள்.