காயாத நீலத்தில் மூன்று விரல்கள்

என் மகள் செய்த கம்ப்யூட்டர் கேபினட்டை நான் தெரிந்தே கெடுத்தேன். கை தவறிவிட்டது என்று அன்று உறவினர்களிடம் சொன்னது பொய்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று, திண்டிவனத்தில் இருக்கிறேன். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. பழைய கேபினட் ஒன்றை வாங்கிவந்து, அதன் பக்கத் தகட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பெருமுக்கல் மலையின் உருவத்தை ரம்பத்தால் அறுத்து, உள்ளே விளக்கு எரிந்தால் மலை தெரியும்படி செய்திருந்தாள். மாடியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து நீலப் பெயிண்டை ஐந்து முறை அடித்தாள். இப்படிக் கேபினட்களை அலங்கரித்து விற்கும் சென்னைக் கடை ஒன்று, அவள் கையால் செய்த ஒன்றைத் திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தது. பிடித்திருந்தால் வேலை. எனக்கு அது வேலையாகவே படவில்லை. எம்.எஸ்சி. படித்தவள் தகரம் அறுக்கிறாளே என்ற எரிச்சல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தது.

ஆயுத பூஜைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். கத்தரிக்கோல், தையல் மெஷின், என் ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு கேபினட் பக்கம் திரும்பினேன்.

"அப்பா, அதுக்கு மட்டும் வேணாம்ப்பா. நேத்து சாயங்காலம்தான் கடைசி கோட் அடிச்சேன். மழை ஈரத்துல காயவே இல்ல."

தம்பி சிரித்தான். "என்னாண்ணே, சரஸ்வதிய அடுத்த வாரம் வரச் சொல்லிடலாமா? உன் ஊட்லயே உன் பேச்சு எடுபடல போலக்குதே."

எனக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. ஈரக் காற்றில் பெயிண்ட் ஏன் காயாது என்று வகுப்பில் விளக்கத் தெரிந்தவன் நான். மூன்று விரல்களைச் சந்தனத்தில் தோய்த்து, மலைக்கு மேலே அழுத்தி இழுத்தேன். நீலம் தோலாகச் சுருண்டு வந்தது. அடியில் தகரம் தெரிந்தது. "கை தவறிடுச்சு" என்றேன், தம்பி குடும்பத்தின் பக்கம் திரும்பி.

அவள் கத்தவில்லை. "திருப்தியாப்பா?" என்று கேட்டாள். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "சாமி காரியத்துக்குத் தடை சொல்ற பொட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்றேன்.

மறுபடி தேய்த்து, அடித்து, காயவைக்க ஒரு வாரமாவது வேண்டும். வர முடியாது என்று கடைக்குச் செய்தி அனுப்பிவிட்டு அறைக்குள் போனாள்.

"அவ சாப்ட்டு ரெண்டு நாளாச்சு. நீங்க மல்லாட்டை தின்னுக்கினு நியூஸ் பாருங்க" என்றாள் மனைவி, என் மடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலைப் பார்த்து.

பத்து நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரரிடம் நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். "பரவால்ல சார், அடுத்த வாரம் அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். பெரிய காரியம் சாதித்தவன்போல வீடு திரும்பி அவளிடம் சொன்னேன்.

"கெடுத்ததும் நீங்க. எனக்காகப் போய்க் கெஞ்சினதும் நீங்க. நடுவுல நான் எங்கப்பா இருக்கேன்? இனிமே அங்க போனா, வாத்தியார் சிபாரிசுல வந்த பொண்ணு."

"மன்னிச்சிடும்மா" என்றேன். அவளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல் முறை.

"சொல்லிட்டீங்க இல்ல? வழி விடுங்க."

சென்னைக்கு அவள் போகவேயில்லை. விழுப்புரத்தில் பைக் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு ஷெட்டில் தானே போய்க் கேட்டு வேலைக்குச் சேர்ந்தாள். கேபினட்டையும் அங்கேயே எடுத்துப்போய்விட்டாள். அதை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. மாலையில் வீடு திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றுவிட்டால், வர நேரமாகும் என்று போன் செய்வாள். அவள் அம்மாவுக்கு.