வலிக்குதா மச்சான்?

டைல்ஸ் ஒட்டும் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று கொத்தனார்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "ஆனா அந்த வாய் இருக்கே..." என்று இழுப்பார்கள். அவருக்கு ரசமட்டம் என்று பெயர் வந்ததும் அந்த வாயால்தான். தரை சாய்கிறதா என்று பார்க்கிற குமிழிப் பலகையை, அதாவது ரசமட்டத்தை, எங்கே போனாலும் பையில் வைத்திருப்பார். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்துப் பார்த்து, "ஒரு நூல் சாயுதே" என்பார். மனிதர்களையும் அப்படித்தான் அளந்தார்.

அவர் கணக்கில் ரொம்பவும் சாய்ந்துபோனவர் தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், அமைதியானவர், சட்டை கசங்காமல் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். தங்கை அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது ரசமட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று வந்தார், சாப்பிட்டார், மண்டபத்துத் தரையைக் குறை சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மாப்பிள்ளையும் மச்சானும் பேசிக்கொண்டதெல்லாம் "வாங்க", "உக்காருங்க", "போயிட்டு வரோம்" என்ற அளவில்தான்.

கண்ணாடிக்கடைக்காரர்தான் அதை மாற்ற நினைத்தார். கடையைப் பெரிய இடத்துக்கு மாற்றப் போகிறோம், தரையை நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும் என்று தானே வந்து கேட்டார். இடத்தைக் காட்டக் காரில் அழைத்துப் போனார். திரும்பி வரும்போது தூறல். ஈரச் சாலையில், எண்ணெய் மிதக்கும் அந்த முதல் தூறலில், முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் இடது மூலையால் லாரியின் பின்பக்கம் இடித்தது.

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் ரசமட்டம். இடிக்கப் போகிறது என்று தெரிந்ததும், தன் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதுபோலத் தரையை ஓங்கி மிதித்தார். மிதித்த பாதம் மடங்கிக் கணுக்கால் முறிந்தது. காரின் டாஷ்போர்டு உள்ளே வந்து முழங்காலில் மோதி, முழங்கால் சில்லு இரண்டாகப் போனது. ஓட்டியவருக்கு நெற்றியில் ஒரு கீறல். பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

முழங்காலில் கம்பி கட்டினார்கள். கணுக்காலில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார் மாப்பிள்ளை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"வலிக்குதா மச்சான்?"

"வலிக்காம? எல்லாருக்கும் பார்வை சரிபண்ணி விடுறீங்க. எதிர்ல நின்ன லாரி தெரியல."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாக்கியம் ரசமட்டத்துக்குப் பிடித்துப்போயிற்று. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை கூடவே நின்றிருந்தால் அவரும் கொஞ்சம் சிரிக்க முயன்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு கண்ணாடிக்கடைக்காரர் தினமும் காலையில் வர ஆரம்பித்தார். ரசமட்டத்தின் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், சீக்கிரம் கிளம்ப வேண்டும். அதனால் மச்சானைக் குளிப்பாட்டுவது மாப்பிள்ளையின் வேலையாயிற்று. கட்டு நனையாமல் காலில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, இன்னொரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, முதுகு தேய்த்துவிட்டார். கட்டுப் பிரித்த பிறகு வாடகை வண்டி பிடித்து பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போனார். தன் காரை அவர் தொடவில்லை. பட்டறையிலிருந்து சரியாகி வந்தது, வாசலில் உறை போர்த்தி நிறுத்திவிட்டார்.

பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயது. சிரித்துக்கொண்டே முழங்காலை மடக்குவாள். ரசமட்டம் கத்துவார். "இன்னும் கொஞ்சம்தான் சார், கொஞ்சம்தான்" என்பாள். கணுக்காலுக்கு அவள் வைத்திருந்த வைத்தியம் வேறு. கட்டை விரலைப் பேனாவாக நினைத்து, காற்றில் எழுத்து எழுதச் சொன்னாள். அ, ஆ, இ என்று முதல் வகுப்புப் பையன் மாதிரி ரசமட்டம் எழுதினார். ஞ வரும்போது கால் நடுங்கும். "இந்த எழுத்த யாரு கண்டுபிடிச்சான்?" என்று திட்டுவார். மாப்பிள்ளை பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாமல், தன் செருப்புக் காலாலும் அதையே எழுதிக்கொண்டிருப்பார்.

ஊன்றுகட்டை போய்க் கைத்தடி வந்தது. ஒருநாள் காலை, மனைவி போன பிறகு, அவள் அணைக்க மறந்த அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ரசமட்டம் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அணைத்த பிறகுதான் கையைப் பார்த்தார். கைத்தடி இல்லை. அது கட்டிலோரம் சாய்ந்திருந்தது. அறையிலிருந்து சமையல்கட்டு வரை இரண்டு காலையும் ஊன்றி நடந்து வந்திருக்கிறார்.

திரும்பவும் நடந்து பார்த்தார். முழங்காலில் ஒரு பிடிப்பு இருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்போது மாடிப்படியில் மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் கேட்டது. ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்குப் பின்னால் எத்தனை யோசித்தும் விளங்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கட்டிலில் படுத்து, காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதா மச்சான்?"

"ம்" என்றார் ரசமட்டம்.

அன்று ஆரம்பித்தது. நல்ல சட்டை போட்ட ஒரு மனிதர் தன் முன்னால் முட்டி போட்டு, தன் பாதத்தை மடியில் வைத்து, டாக்டர் கொடுத்த கணுக்கால் உறையை மாட்டிவிடுவது அவருக்கு வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக இந்த ஆளைக் குனிய வைக்க என்ன சொல்லியும் முடிந்ததில்லை, ஒரு லாரி முடித்துக் கொடுத்துவிட்டது என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. இன்னொரு குரல் சீ என்றது. இரண்டையும் கேட்டுக்கொண்டு அவர் காலை நீட்டினார். சில நாள் உண்மையாகவே வலித்தது. அந்த நாட்களில் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்ல வேண்டியதில்லையே. போகப் போக எது வலி, எது நடிப்பு என்று அவருக்கே பிடிபடாமல் போனது.

மனைவி கண்டுபிடித்துவிட்டாள் என்று அவருக்குத் தெரியாது. மேல் அலமாரியில் இருந்த ரேடியோ ஒருநாள் மேசைக்கு இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வேலைக்குக் கிளம்பினாள். காலை நேரத்தில் ஒரு கை உதவிக்கு இருப்பது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது. இதை அவளே வெகுநாள் கழித்துச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தனியாக வந்தாள். அண்ணனின் காலடியில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்தாள். பிறகு சொன்னாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்ணே. உடம்பு அனலாக் கொதிக்குது. கார் வாசல்ல நிக்குது. சாவிய எடுத்தாரு, கதவத் தொறந்தாரு, உள்ள உக்காந்தாரு. அப்புறம் எறங்கி, அவளத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனாரு. நான் பின்னாலயே ஓடுறேன்."

நீட்டியிருந்த காலை ரசமட்டம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

"தூங்குறதே இல்ல. எந்திரிச்சு உக்காந்து, பிரேக்க முன்னாடியே மிதிச்சிருக்கலாம்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. உங்கள ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"போனது போகட்டும் மாப்ளன்னு ஒரே ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் ஆறும். கால் சரியாகிற வரைக்கும் சொல்ல முடியாதுன்னா, பரவால்ல, அப்புறமாச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அண்ணனின் முழங்காலை, எங்கே வலித்துவிடுமோ என்பதுபோல, விரல் நுனியால் தடவினாள். ரசமட்டத்துக்கு அந்தக் காலை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. தங்கை போன பிறகு மனைவி தட்டில் சோற்றைப் போட்டு நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நாளைக்கே சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"எதை?"

"நீங்க நடக்கிறத."

மறுநாள் மாப்பிள்ளை வழக்கம்போல வந்தார். முட்டி போட்டுக் கணுக்கால் உறையை விரித்தார். அவர் உச்சந்தலையில் புதிதாக நரை விழுந்திருந்ததை ரசமட்டம் அப்போதுதான் கவனித்தார்.

"எந்திரிங்க மாப்ள."

"இருங்க மச்சான், இத மாட்டிட்டு..."

"எந்திரிங்கன்னு சொல்றேன்."

அவர் எழுந்ததும் ரசமட்டமும் எழுந்தார். கைத்தடியை எடுக்காமல் ஜன்னல் வரை நடந்தார். திரும்பி நடந்து வந்தார். மாப்பிள்ளையின் வாய் பிளந்தது. முகம் குழந்தை முகம்போல மாறியது. "அய்யோ மச்சான்! அய்யோ!" என்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அழுதுகொண்டே தன் மனைவிக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

போனை அழுத்த விடாமல் ரசமட்டம் அவர் கையைப் பிடித்தார். இப்படியே விட்டுவிட்டால் என்ன, இன்றைக்குத்தான் நடந்தேன் என்று இருந்துவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

"இன்னைக்கு இல்ல மாப்ள. ரொம்ப நாளாவே நடக்கிறேன்."

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது.

"நீங்க படியேறி வர்ற சத்தம் கேட்டதும் போய்ப் படுத்துக்குவேன்."

அப்போது புரிந்தது. சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப வலிக்குதுன்னு சொன்னதெல்லாம்?"

"சில நாள் வலிச்சுது. சில நாள் வலிக்கல."

திட்டுவார் என்று ரசமட்டம் காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கீழே கிடந்த உறையை எடுத்து, ஒழுங்காக மடித்து, கட்டில்மேல் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ரசமட்டம் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே ஒரு குளியலறைத் தரைக்காக முட்டி போட்டார். கம்பி கட்டிய இடத்தில் ஆணி இறங்கியதுபோல வலி வந்து கண் இருட்டியது. எழுந்திருக்கக் கூட்டாளி கை கொடுக்க வேண்டியிருந்தது. நடக்கலாம், படியேறலாம், முட்டி போடுவது மட்டும் இனிக் கஷ்டம் என்றாள் பயிற்சிப் பெண். வீட்டில் வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை மனைவி பார்த்தாள்.

"இது எந்த வலி?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது அவரைச் சுட்டது.

அதன்பிறகு அவர் சுவர் வேலைகளை மட்டும் நின்றுகொண்டு செய்தார், தரையைக் கூட்டாளிக்கு விட்டார்.

கொஞ்ச நாள் பொறுத்து மாப்பிள்ளையின் புதுக் கடைக்குப் போனார். வேறு யாரோ தரை போட்டு முடித்திருந்தார்கள். வாசலோரம் ஒரு டைல் மற்றதைவிட உயர்ந்து பல் காட்டிக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்க்காததுபோலத் தாண்டினார். மாப்பிள்ளை ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டகம் பொருத்திக்கொண்டிருந்தார். வேலையை முடித்து, பெரியவரை அனுப்பிவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன மன்னிச்சிருங்க மாப்ள. அப்புறம், அந்த விபத்து உங்க தப்பு இல்ல. ரோடு வழுக்கிச்சு. பக்கத்துல உக்காந்து நானும்தான் பாத்தேன். அத ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கணும்."

மாப்பிள்ளை மேசைமேல் இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"உங்க கால் போச்சுன்னு நெனச்சு தினம் செத்தேன் மச்சான்" என்றார். "இப்ப என்னால பேச முடியல. கொஞ்ச நாள் போகட்டும். நானே வரேன்."

அவர் கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டார் என்று தங்கை போனில் சொன்னாள். முதலில் தெருமுனை வரைக்கும், பிறகு கடை வரைக்கும். அவள் குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. அண்ணனின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் போனை வைத்தாள்.

மாப்பிள்ளை சொன்னபடி வந்தார், குழந்தையின் பிறந்தநாளுக்கு அழைக்க. மழைக்காலம் அது. தகடு வைத்த கணுக்கால் ஈரத்துக்கு வீங்கிக்கொண்டிருந்தது. பிறந்தநாளன்று ரசமட்டம் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல், சிரித்த முகமாகத் தங்கை வீட்டு மாடியேறினார். சாப்பிட உட்கார்ந்ததும் வேட்டியை இழுத்துவிட்டு, வீக்கம் தெரியாமல் காலை மேசைக்கு அடியில் உள்ளே தள்ளிக்கொண்டார். பேச்சு கடையைப் பற்றி, மழையைப் பற்றி என்று போனது. காலைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாதிச் சாப்பாட்டில் மேசைக்கு அடியில் ஏதோ உரசிக்கொண்டு வந்து அவர் பாதத்தில் இடித்தது. குழந்தை உட்காரும் குட்டி முக்காலி. எதிரில் இருந்த மாப்பிள்ளைதான் காலால் தள்ளியிருந்தார். அவர் இந்தப் பக்கமே பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசமட்டம் சும்மா இருந்தார். தண்ணீர் எடுத்துவர மாப்பிள்ளை சமையல்கட்டுக்குப் போன பிறகுதான் மெதுவாகக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.