வேப்பமரம் வரை

எங்கள் அண்ணன் கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடொன்றில் பிறந்தார். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, சென்ற ஆண்டு கண் மூடினார். தந்தையார் காலமான ஆண்டிலேயே அவர் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். நான் கல்லூரிக்குப் போனேன். சுரங்கம் மூடப்பட்ட பின் தினமும் ரயிலேறிப் பெங்களூருவில் காவலாளி வேலை பார்த்தார். இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களே, இவற்றை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அறிந்தும் என் முகத்துக்கு நேரே சொல்லாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது.

வேலையிலிருந்து நின்ற பின், மகள் வாங்கித் தந்த கைப்பேசியுடன் அண்ணன் நடக்கத் தொடங்கினார். பேத்தமங்களா வரை பஸ். பிறகு ஏரிக்கரை நெடுக நடை. பாறை, கேழ்வரகுக் கொல்லை, மேகம், நீரில் நிற்கும் பறவை. காலை எட்டு மணிக்குள் குடும்பக் குழுவில் படங்கள் வந்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதியிருப்பார்.

"மச்சான், கல்லுக்கெல்லாம் போட்டோவா? என்னை ஒண்ணு எடுங்க" என்று எங்கள் தங்கையின் கணவர் ஒருமுறை கேட்டார்.

"நீ ஆடுவே மாப்ளே. கல்லு சொன்ன பேச்சு கேக்குது" என்றார் அண்ணன்.

நான் மட்டும் திருத்தினேன். புவியியல் பேராசிரியராக இருந்தவன் அல்லவா? "கொக்கு குளிக்குது" என்று அவர் எழுதினால், "அது கொக்கு அல்ல, நத்தைக்குத்தி நாரை" என்று நீங்கள் எல்லோரும் பார்க்க எழுதினேன். இப்படிப் பலமுறை. சில மாதங்களில் வரிகள் நின்று, படங்கள் மட்டும் வந்தன. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பின்னர் ஏரி வரவில்லை. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சரிவு வந்தது. பிறகு, மூடிக் கிடக்கும் சுரங்க ஷாஃப்டின் இரும்புக் கோபுரம். அதன்பின் தெருமுனைக் குழாய். கடைசியில் வீட்டுக்கு எதிரே உள்ள வேப்பமரம். நாள்தோறும் அதே வேப்பமரம். நிலப்படத்தைப் படிக்க மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். ஒருவருடைய நடை மாதத்துக்கு மாதம் குறுகி வாசலில் வந்து நின்றதை என்னால் படிக்க முடியவில்லை. "அண்ணா, எத்தனை முறை இதே மரம்? வேறு எங்காவது போங்கள்" என்று எழுதினேன்.

குரல் பதிவாகப் பதில் வந்தது: "மரம் அதேதான் வாத்தியாரே. வெளிச்சம் வேற பா. நீ இன்னா, ஒரு நாள் வந்து பாரேன்."

குரல் பதிவுகளை இரட்டை வேகத்தில் கேட்பது என் வழக்கம். அதையும் அப்படியே கேட்டேன். போகவில்லை. ஆறு வாரத்தில் அண்ணன் மறைந்தார். நுரையீரல் நோயைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அண்ணியாரிடமும் தங்கையிடமும் கூறியிருந்தாராம்.

காரியம் முடிந்த பின், அந்தப் பதிவை இயல்பான வேகத்தில் கேட்டேன். "மரம்" என்பதற்கும் "அதேதான்" என்பதற்கும் நடுவே அவருக்கு மூச்சு வாங்குகிறது. "ஒரு நாள்" என்பதற்குப் பின் இன்னும் நீண்ட நேரம்.

இறுதி வரை உடனிருந்து பார்த்துக்கொண்ட அண்ணியாரை வணங்குகிறேன். கேட்ட நேரத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சுமந்து வந்த அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனையில் முறை வைத்து இருந்த தங்கை குடும்பத்தாருக்கும் நன்றி. ஒவ்வொரு படத்துக்கும் "சூப்பர் பெரியப்பா" என்று எழுதியவள் என் மகள். அதை வெறும் சொல் என்று கண்டித்திருந்தேன். அவளுக்கும் நன்றி.

இம்மலரில் அண்ணனின் படங்கள் அவர் அனுப்பிய வரிசையிலேயே உள்ளன. ஏரியில் தொடங்கி வேப்பமரத்தில் முடிகின்றன. அவர் எழுதிய வரிகளில் எதையும் நான் தொடவில்லை. மூன்றாம் பக்கத்தில், ஏரியில் குளிப்பது கொக்கு.