காவியாவின் குரலுக்குப் போன வழி

ஆனந்தராஜ் எங்கள் பட்டறையின் கம்ப்யூட்டர்காரன். விருத்தாசலத்தில் பீங்கான் படித்தவன், சர்வர் வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டான். இறந்தவர்களின் படத்தைப் பீங்கான் தகட்டில் பதித்துச் சுட்டுத் தருவது எங்கள் தொழில். படத்துக்குக் கீழே ஒரு கியூஆர் கோடும் போடலாம் என்றது அவன்தான். போனைக் காட்டினால் அவர்களுடைய குரல் கேட்கும். குரல்களெல்லாம் எங்கள் சர்வரில் இருந்தன.

எங்களிடம் சூளையில் தகடு அடுக்குபவர் காசியம்மாள் அக்கா. அவருடைய ஒரே மகள் காவியா வேப்பூர் பக்கம் லாரி மோதி இறந்தாள். அவளுடைய போனும் சக்கரத்தில் நொறுங்கியது. அம்மாவுக்கு அவள் அனுப்பிய ஒரு குரல் செய்தி மட்டும் மிஞ்சியது. அதை வைத்து அக்காவுக்கு ஒரு தகடு செய்து கொடுத்தோம். தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

போனில் இடமில்லை என்று அந்தச் செய்தியை அவர் அழித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "தகடு வெந்து கெடக்குது, போன்ல வேற எதுக்குத் தம்பி?" என்றார். நான் தலையாட்டினேன். சூளையில் வெந்தது அழியாது என்பது பீங்கான்காரர்களின் புத்தி. தகட்டில் வெந்தது குரல் இருக்கும் இணைய முகவரி மட்டும்தான் என்று தெரிந்த ஆனந்தராஜ்கூட வேறு நகல் எடுத்து வைக்கவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரைப் புதுப் பதிப்புக்கு மாற்றினான் இந்தப் புண்ணியவான். மறுநாள் அக்கா தகட்டைச் சுவரிலிருந்து கழற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, பக்கம் இல்லன்னு காட்டுது. பாப்பா பேச மாட்டேங்குது."

"வழி மாறியிருக்கும்க்கா. சரி பண்ணிடலாம், உக்காருங்க."

வந்து போனதையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் பதிவேட்டை ஆனந்தராஜ் திறந்து பார்த்தான். அக்காவின் போன் குரலைக் கேட்டு அனுப்பியது வந்து சேர்ந்திருந்தது. சர்வர்தான் வேறு போல்டரில் போய்த் தேடியிருந்தது. குரல் கேட்டு வருபவர்களை எந்த போல்டருக்கு அனுப்ப வேண்டும் என்ற வரி புது அமைப்பில் இல்லை. அதை மறுபடி எழுதி, சர்வரை நிறுத்தி ஓட்டினான். அக்கா போனைத் தகட்டுக்கு நேராகப் பிடித்தார். பக்கம் இல்லை என்றே வந்தது.

மறுபடி பதிவேட்டைப் பார்த்தான். இந்த முறை சரியான இடத்தில்தான் தேடியிருக்கிறது. அங்கே போல்டரே இல்லை. பழைய பதிப்பின் போல்டருக்குள்ளேயே குரல்களைப் போட்டு வைத்திருந்திருக்கிறான். புதியது வந்தபோது பழையதை அடியோடு துடைத்துவிட்டது. அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு கை எழவில்லை.

"வழி சரியாயிடுச்சுங்கக்கா. குரலு போயிடுச்சு."

"எப்ப வரும்?"

"வராதுங்கக்கா."

அக்கா தகட்டை மடியில் வைத்து மறுபடி துண்டில் சுற்றினார்.

"நேத்து சாயங்காலம் அவ அம்மான்னு கூப்புடறது எப்படி இருக்கும்னு ஞாபகமே வரல தம்பி. காலையில கேட்டுக்கலாம்னு படுத்துட்டேன்."